டவுன் ஹால் பின்கதவு

ஜெயித்தாகிவிட்டது, இனி என்ன பயம் என்று பிரமநாயகி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன கையோடு பயமும் வந்து ஒட்டிக்கொண்டது. கைக்குள் சாவி. உள்ளங்கை நீளத்துக்கு இரும்புச் சாவி, நகராட்சி அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள், கருவூலத்தையே தூக்கிக் கொடுக்கிற மாதிரி. தேங்காய் எண்ணெய் பூசியிருந்ததால் வழுக்கியது. செவ்வந்திப்பேரி நகராட்சியின் கடைவீதி வார்டு உறுப்பினர், புருஷன் பேரில் இருக்கும் மருந்துக்கடையில் பாதி நாளைக் கழிக்கிறவள், அறுபதை நெருங்குகிற முட்டிவலிக்காரி, இன்றைக்குச் சாயங்காலம் டவுன் ஹாலின் பின்கதவைத் திறக்கப் போகிறாள். இடப்பக்கம் இழுத்து மூடின ஷட்டர், வலப்பக்கம் இழுத்து மூடின ஷட்டர், நடுவில் ராணி மாதிரி இவள். இருக்கட்டும். முந்தாநாள் மன்றக் கூட்டத்தில் அவள் சொன்ன பதிலை இந்த ஊரில் வேறு யார் சொல்லியிருப்பார்கள்? நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. கூட்டத்தில் எப்போதும் நடப்பதுதான் நடந்தது. குமாஸ்தா பொருள் எண் என்று ஆரம்பித்து மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் என்று ஒரே மூச்சில் முடிப்பார், நடுவில் என்ன வாசித்தார் என்பது அவருக்கும் அந்த மூச்சுக்கும்தான் தெரியும். முடித்ததும் உறுப்பினர்கள் எல்லாரும் மேசையைத் தட்டுவார்கள், ஆல் பாஸ். சாக்கடை ஆல் பாஸ், குப்பை வண்டி ஆல் பாஸ், பூங்காவுக்கு வாங்காத ஊஞ்சல் ஆல் பாஸ். டவுன் ஹாலை ஒரு நகைக்கடைக்காரருக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுவது, அவர் தம் வசதிப்படி பின்வாசலைச் சுவர் வைத்து அடைத்துக்கொள்ள அனுமதிப்பது என்ற பொருளும் அப்படித்தான் ஓடி வந்தது. கைகள் மேசைக்கு மேலே எழும்பின. பிரமுவின் கையும் பழக்கதோஷத்தில் எழும்பிவிட்டது. எழும்பின கையைக் கீழே விடாமல் அப்படியே நிறுத்தி, அந்தக் கையோடு எழுந்து நின்றாள். எனக்கு ஆட்சேபணை இருக்கு, எழுதிக்கிடுங்க. குமாஸ்தாவுக்கு அதை எந்த இடத்தில் எழுதுவது என்றே தெரியவில்லை, பாவம், அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒன்றை எழுதியதில்லை.

குத்தகை வேண்டாம், பின்கதவைத் திறந்துவிட்டால் போதும், மண்டபம் தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்று அவள் சொன்னதும் சேர்மன் துரைப்பாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தங்கச்சி மருந்துக்கடைக்கு ஆள் வரணும்னு மண்டபத்துக்குள்ள வழி கேக்குதாவ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள், அதுதான் அதில் அழகு, காத்திருந்தது. பிறகு, "ஆமா அண்ணாச்சி. என் கடைக்கும் வரணும், எதிர்த்த வளையல் கடைக்கும் வரணும். கடைக்கு ஆள் வரப்பிடாதுன்னா கடைவீதின்னு எதுக்குப் பேரு?" என்றாள். ஒருத்தர் வாயிலும் பேச்சில்லை. உண்மையில் பின்வரிசையில் யாரோ தும்மினார்கள், ஆனால் பிரமுவின் ஞாபகத்தில் இப்போது அந்தத் தும்மல் கிடையாது. நேற்றுக் காலையிலேயே அதைத் துடைத்து எடுத்துவிட்டாள். நேற்று மத்தியானத்துக்குள் பதிலோடு இன்னொரு வரியும் சேர்ந்துவிட்டது: சாமான் வாங்க வந்தவன்தான் மண்டபத்தையும் பார்ப்பான், மண்டபம் பார்க்க வந்தவன் சாமானும் வாங்குவான், ஊருன்னா அதுதானே. இதைக் கூட்டத்தில் அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ராத்திரி தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்லிப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. சொன்னதாகவே வைத்துக்கொள்வோம் என்று முடிவு பண்ணிவிட்டாள். ஆனால் அந்த மருந்துக்கடைப் பேச்சு மட்டும் பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி, நாக்கு அங்கேயே போய்ப் போய் வந்தது. கடைக்காகத்தானா? கடைக்காகவும்தான். கடை வேறு ஊர் வேறு என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு வரவில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வருகிறவள்தான் பக்கத்துக் கடையில் பன் வாங்குவாள், எதிர்க்கடையில் பொட்டு வாங்குவாள். இதை வேறு சேர்த்துச் சொல்லியிருக்கலாமே. நாளைக்குச் சேர்த்துக்கொள்ளலாம், நாளைக்கு என்று ஒன்று இருந்தால்.

பின்கதவுக்கு முன்னால் சேர்மன் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார், கூட ஆள் படை எதுவும் இல்லாமல். இஸ்திரி கலையாத வெள்ளை வேட்டி சட்டை, கக்கத்தில் துண்டு. "வந்துட்டீயளா தங்கச்சி" என்றார். வந்துட்டேன் அண்ணாச்சி என்றாள். "திறங்க. தெருவிளக்கு எரியிற வரைக்கும் நானும் இங்கனதான் நிப்பேன். ஜனம் வந்தா இந்தக் கதவு இனி மூடாது, என் வாக்கு. வரலைன்னா அடுத்த கூட்டத்துல குத்தகைத் தீர்மானத்துக்கு முதல்ல நீங்கதான் மேசையைத் தட்டணும். சரியா?" சரி என்று தலையாட்டினாள். தலையாட்டும்போது வீரமாகத்தான் இருந்தது. மன்றத்தில் ஆணையர் ஒருநாள் திறந்துதான் பார்ப்போமே என்று பட்டும் படாமல் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் என்று நாள் குறித்ததும் அவள்தான். துரைப்பாண்டி கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் சங்கடம். கெட்ட மனுஷராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். டவுன் ஹாலை இடித்துவிடலாம் என்று மேலிடத்தில் எல்லாரும் கிளம்பியபோது ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிப் பழுதுபார்க்கப் பணம் வாங்கி வந்தவர் அவர். சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைக்கும்போது பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், வெல்லத்தை வேலையாட்கள் வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள. சிவப்புச் செங்கல் வளைவுகளும் தேக்கு உத்திரமும் பழையபடி மினுங்க ஆரம்பித்த அன்று அவர் கண் கலங்கியதைப் பிரமு பார்த்தாள். அப்புறம்தான் கிறுக்குப் பிடித்தது. வெற்றிலை துப்புவானுவ, மாடு வரும், பீடி குடிப்பானுவ என்று பின்கதவைப் பூட்டினார். முன்வாசலில் நுழைவுச் சீட்டு கொடுக்க ஒரு கூண்டு வைத்தார். உள்ளே அமைதி காக்கவும் என்று ஒரு போர்டு. புதுக் காரில் சீட்டின் பிளாஸ்டிக்கைப் பிரிக்காமலே ஓட்டுகிறவர்கள் இல்லையா, அந்த ஜாதி. அந்தப் பின்கதவு மூடுகிற பொருளும் மன்றத்துக்கு வந்தது, அதற்கும் எல்லாரும் மேசையைத் தட்டினார்கள், இவளும்தான், மண்டபம் பிழைத்த சந்தோஷத்தில் உள்ளங்கை சிவக்கத் தட்டினாள்.

அப்போது ஒன்று உறைக்கவில்லை. அந்த மண்டபத்தை யாரும் மண்டபமாக நினைத்ததே இல்லையே. வெள்ளைக்காரன் கட்டியது, கூட்டம் போட, நாடகம் போட, பரிசு கொடுக்க என்று சொல்வார்கள். அதெல்லாம் வருஷத்துக்கு எத்தனை நாள்? மற்ற நாளெல்லாம் அது ஒரு வழி. முன்வாசல் பஸ் ஸ்டாண்டைப் பார்க்கிறது, பின்வாசல் கடைவீதியைப் பார்க்கிறது, இரண்டு பக்கமும் கருவூலத்துச் சுவரும் பெண்கள் பள்ளிச் சுவரும் நீண்டு போகின்றன. பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் டவுன் ஹாலுக்குள் நுழைந்து இந்தப் பக்கம் வந்தால் கடைவீதி. வெயிலுக்கு அதற்குள் நடந்தால் சில்லென்றிருக்கும். மழைக்கு ஒதுங்கலாம். கல்யாணப் பத்திரிகையை அந்த நிழலில் வைத்துத்தான் விலாசம் எழுதுவார்கள். இவள் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி, பட்டுச் சேலை தடுக்க, அந்த வளைவுகளுக்கு அடியில்தான் நடந்து வந்தாள். அண்ணாந்து பார்க்கக்கூட இல்லை, புருஷனின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். முதுகு பரவாயில்லாமல்தான் இருந்தது. கதவு மூடின பிறகு பஸ்ஸை விட்டு இறங்கினவன் சுவரைச் சுற்றிக்கொண்டு சாக்கடைப் பாலம் தாண்டி வரணும். யார் வருவா? ஆட்டோ பிடித்து பைபாஸ் பக்கம் போய்விட்டான், அங்கே ஏசி போட்ட கடைகள் இருக்கின்றன. முதலில் பாத்திரக்கடை போயிற்று, அப்புறம் பேக்கரி. ஜனத்துக்குப் புத்தி மாறிப்போச்சு, காலம் மாறிப்போச்சு என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள், இவளும் பேசினாள். போன மாசம் திருநெல்வேலியில் டாக்டரிடம் முட்டியைக் காட்டிவிட்டு பஸ்ஸில் திரும்பி, ஊசி போட்ட அசதியில் எதையோ யோசித்துக்கொண்டே இறங்கி நடந்தவள், பார்த்தால் அந்தச் சீட்டுக் கூண்டுக்கு முன்னால் நிற்கிறாள். கால் தானாகக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. எத்தனை மாசமாக வழி இல்லை என்று தெரிந்த கால், தினமும் அதே ஊரில் கிடக்கிற கால். அவளுக்கு அங்கேயே உறைத்தது. இந்தக் காலுக்கு மறக்கவில்லை என்றால் ஊரில் ஒருத்தர் காலுக்கும் மறந்திருக்காது. அதை நம்பித்தான் மன்றத்தில் கையைத் தூக்கினாள். ஒரு முட்டிவலிக் காலை நம்பி.

திண்டுக்கல் பூட்டு ஒரு முனகலோடு வாயைத் திறந்தது. கதவின் இரண்டு பலகையையும் சேர்மனும் அவளுமாக ஆளுக்கொரு பக்கம் தள்ளினார்கள், நடுவில் அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், அழுக்காகிவிடக் கூடாது. முன்வாசலை வாட்ச்மேன் ஏற்கெனவே விரியத் திறந்து வைத்திருந்தான், கூண்டையும் ஓரமாகத் தள்ளச் சொல்லியிருந்தாள். கதவு முழுக்கத் திறந்ததும் அந்தக் கோடியில் பஸ் ஸ்டாண்டு ஒரு துண்டாகத் தெரிந்தது, பச்சைப் பஸ்ஸின் பின்பக்கம், ஒரு வெள்ளரிக்காய்க் கூடை. காற்று வந்தது. குற்றாலத்துப் பக்கம் சாரல் விழுகிற மாசம், ஈரக்காற்று மண்டபத்துக்குள் புகுந்து இவள் முந்தானையைத் தூக்கி அடித்துவிட்டுக் கடைவீதிக்குள் ஓடியது. முதல் ஆள் வந்தாச்சு என்று பிரமு நினைத்துக்கொண்டாள். தரையில் கருங்கல் பாவியது அப்படியே இருந்தது, கோடியிலிருந்து கோடிக்கு நடுவில் தேய்ந்து பள்ளமான ஒரு தடம், எத்தனையோ தலைமுறைச் செருப்பும் வெறுங்காலும் தேய்த்தது. அதன் இரண்டு பக்கமும் பித்தளைக் கம்பங்கள் நட்டு சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். பாரம்பரியத் தளம், மிதிக்காதீர். நடந்து நடந்து உண்டான தடத்தில் நடக்காதே என்று எழுதி வைத்த மூளை எந்த மூளையோ. கயித்தை எடுத்துரலாமே அண்ணாச்சி என்றாள். "ஓரமா நடக்கட்டும், இடமா இல்ல?" என்றார். சரி, கயிறு கிடக்கட்டும், முதலில் ஆள் வரட்டும். இவள் போய்க் கதவுக்கு நேர் நடுவில் நின்றுகொண்டாள், பஸ் ஸ்டாண்டும் தெரியணும் கடைவீதியும் தெரியணும். ஆள் வரவில்லை.

ஆள் வரவில்லை. கடைவீதியில் போன ஒருவன் திறந்த கதவை எட்டிப் பார்த்தான், சேர்மனைப் பார்த்தான், ஏதோ விழா என்று நினைத்து வேகமாகப் போய்விட்டான். சேர்மனின் வெள்ளை வேட்டியைக் கண்டால் எவன் கிட்டே வருவான், நன்கொடை கேட்பார் என்று பயப்படுவான். அண்ணாச்சி நீங்க கொஞ்சம் உள்ளே தள்ளி நில்லுங்க என்று சொல்லலாமா, சொன்னால் ஏமாற்று என்பார். அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் வந்து ஜனத்தைக் கொட்டியது, கொட்டின ஜனம் வழக்கம்போல ஆட்டோப் பக்கம் திரும்பியது. ஒருத்தராவது இந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பணுமே. கால் மறக்காது என்றாயே, மறந்துவிட்டதே. உன் கால் கிழட்டுக் கால், அதுக்குப் பழசுதான் தெரியும். வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. புருஷன் சங்கரலிங்கம் காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல், "யாரும் வரலைன்னா ஒண்ணும் விசனப்படாத. கடையைக் கொடுத்துட்டு மெட்ராஸுக்கு மக வீட்டுக்குப் போயிருவோம், அவளும் கூப்பிட்டுக்கிட்டேதான இருக்கா" என்றார். நல்ல மனுஷன், ஆறுதலாகத்தான் சொன்னார். அவள்தான் பாதி இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துவிட்டாள். மெட்ராஸில் மகள் வீடு மேலே மேலே ஏறிப் போகிற ஃபிளாட், ஜன்னலைத் திறந்தால் எதிர் ஃபிளாட்டின் ஜன்னல், எதிர் ஜன்னலில் ஒரு ஏசி, அந்த ஏசியைப் பார்த்துக்கொண்டு பாக்கிக் காலத்தையும் உட்கார்ந்திருக்கணும். யாரும் ஓடி வந்து யக்கா தலைவலிக்கு ஒண்ணு தாங்க என்று கேட்க மாட்டார்கள். ஊரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரஷர், யார் வீட்டில் பிரசவம் என்று தெரிந்த தலைக்குள் அப்புறம் எதை வைத்துக்கொள்வது? பிரமுவுக்கு அழுகை வந்தது, சேர்மன் பார்க்கிறாரே என்று மூக்கை உறிஞ்சி உள்ளே தள்ளினாள். அவர் பார்க்கவில்லை. தெருவிளக்குக் கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. வளையல் கடை காசிம் பாய். அவருடைய கடை மருந்துக்கடைக்கு நேர் எதிரே, இந்தக் கதவு மூடியதில் இவளுக்கு அடுத்து நொந்தவர். "யம்மா, எல்லாம் கேள்விப்பட்டேன். ஒருத்தரையும் காணோமாமே. நம்ம வீட்டுப் பொம்பளைகள், மருமகமார், பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாத்தையும் கிளப்பிரட்டுமா? ரெண்டு தரம் இங்கிட்டும் அங்கிட்டும் நடந்தா போதுமே. சேர்மனுக்கு என்ன அடையாளமா தெரியப்போவுது?" பிரமுவின் மனசு ஒரு நிமிஷம் சரி என்றே சொல்லிவிட்டது. ஏன் கூடாது? கட்சிக் கூட்டத்துக்கு லாரியில் ஆள் கொண்டுவந்து பிரியாணிப் பொட்டலம் கொடுக்கவில்லையா, துரைப்பாண்டியே கொடுத்தவர்தானே. வீட்டுப் பொம்பளைகள் நாலு பேர் நடந்தால் கதவு திறந்துவிடும். திறந்த கதவுக்குள் நாளைக்கு யார் நடப்பா? நாளைக்கும் காசிம் பாய் மருமகமார் நடப்பார்களா, மறுநாளும் நடப்பார்களா, பாவம் அதுகளுக்கு வீட்டு வேலை இல்லையா. வேண்டாம் பாய் என்றாள். திரும்பவும் சொன்னாள், வேண்டாம், வாரவங்க வரட்டும். போனை வைத்த பிறகு தான் செய்தது பெரிய காரியமா பெரிய மடத்தனமா என்று புரியவில்லை. அவளுக்கு அப்போது நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான், முட்டி வலித்தது.

காசிம் பாய் பேச்சைக் கேட்கிற ஆளா? மருமகமாரை விட்டுவிட்டார், அவரே கிளம்பி வந்துவிட்டார். சிவப்புத் துருக்கித் தொப்பி வைத்துக்கொண்டு, கையில் ஒரு காலிப் பையை வீசிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி, இந்தக் கட்டடத்தை இன்றைக்குத்தான் முதல்முதலாகக் காண்கிறவர் போல நடந்து வந்தார். பிரமு கண்ணை மூடிக்கொண்டாள். "பாய், எங்க போறீய?" என்று சேர்மன் கேட்டார். "பஸ்ஸுக்கு." "எந்த ஊருக்கு?" பாய் நின்றார். இவ்வளவு தூரம் வந்தவர் ஒரு ஊர்ப்பெயரைத் தயார் பண்ணிக்கொண்டு வரவில்லை. கடையநல்லூர் என்று சொல்லியிருக்கலாம், தென்காசி என்று சொல்லியிருக்கலாம், சுற்றிலும் ஊருக்கா பஞ்சம்? காலிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "கடையைத் திறந்து போட்டுட்டா வெளியூருக்குப் போறீய?" என்றார் சேர்மன், சிரிக்காமல். "ஒரு சோலியா..." என்று இழுத்துவிட்டு பாய் கயிற்றோரமாக ஒட்டி ஒட்டி நடந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் மறைந்தார், திரும்பி வர வெட்கப்பட்டுக்கொண்டு அன்றைக்கு அவர் சுவரைச் சுற்றித்தான் கடைக்குப் போனார் என்று பின்னால் தெரிந்தது. "ஏற்பாடெல்லாம் பலமாத்தான் இருக்கு தங்கச்சி" என்றார் சேர்மன். அவள் கூப்பிடவில்லை என்று சத்தியம் பண்ணலாம், பண்ணினால் நம்ப மாட்டார். மேசையைத் தட்டுகிற அந்த நாள் கண்முன்னால் வந்தது. குமாஸ்தா மூச்சுவிடாமல் வாசிப்பார், எல்லாரும் இவள் கையையே பார்ப்பார்கள். இடது கையால் தட்டலாமா? இடது கையால் தட்டினால் செல்லாது என்று விதி ஏதும் இருக்காது. மெல்லத் தட்டினால் போதும். ஆனால் அவளுக்குத் தன் கையைத் தெரியும், அது மெல்லத் தட்டாது, அழுகையை அடக்குகிற ஆத்திரத்தில் ஓங்கித்தான் தட்டும், பார்க்கிறவனுக்குச் சந்தோஷத்தில் தட்டின மாதிரியே இருக்கும்.

அப்போதுதான் ஹாரன் கேட்டது. பஸ் ஸ்டாண்டில் அந்தப் பச்சைப் பஸ், கிளம்புகிற பஸ், டிரைவர் ஏறி உட்கார்ந்து ஒரு நீள ஹாரன் கொடுத்தான், எல்லா டிரைவரும் எல்லா நாளும் கொடுப்பதுதான். சத்தம் மண்டப வளைவுகளுக்குள் புகுந்து பெரிதாகி, பின்கதவு வழியாகக் கடைவீதிக்குள் போய் விழுந்தது. பிரமு திடுக்கிட்டாள். எத்தனை காலமாயிற்று இந்தச் சத்தம் இந்தத் தெருவுக்குள் கேட்டு. கதவு மூடினதும் சத்தமும் மூடிப்போனதை அவள் கவனிக்கவே இல்லையே, கடையில் உட்கார்ந்துகொண்டு ஏதோ ஒன்று குறைகிறதே குறைகிறதே என்று தோன்றுமே, அது இதுதானா. கடைவீதியின் நடுவில் பீடிக்கடை. சுற்று வட்டாரத்துப் பெண்கள் வீட்டில் சுற்றின பீடியை அங்கேதான் கொண்டுவந்து கணக்குக் கொடுத்துவிட்டு, மறுநாளுக்கு இலையும் தூளும் வாங்கிக்கொண்டு பஸ் பிடிப்பார்கள். வெள்ளிக்கிழமை கூலி கொடுக்கிற நாள், அதனால்தானே அவள் வெள்ளிக்கிழமை என்று கேட்டாள், பயத்தில் அதையே மறந்துவிட்டிருந்தாள். கணக்கு முடித்து வெளியே வந்த பெண் ஒருத்தி, இடுப்பில் கூடை, சாக்கடைப் பாலத்துப் பக்கம் போகத் திரும்பினவள், ஹாரன் கேட்டதும் நின்றாள். தலையைத் தூக்கினாள். யோசித்த மாதிரியே தெரியவில்லை. கால் திரும்பியது. டவுன் ஹாலைப் பார்க்க ஓட ஆரம்பித்தாள். "ஏ பேச்சியம்மா, பஸ்ஸு எடுக்கான், இப்படி வாடி வெரசா" என்று ஓடிக்கொண்டே பின்னால் திரும்பிக் கத்தினாள்.

பேச்சியம்மா வந்தாள். பேச்சியம்மாவுக்குப் பின்னால் பெயர் தெரியாத எத்தனையோ பேர் வந்தார்கள், கூடையும் பையும் இடுப்பில் பிள்ளையுமாக, பீடிக்கடையிலிருந்து, பழக்கடையிலிருந்து, அடகுக்கடைப் படியிலிருந்து, தெருவுக்குள் இவ்வளவு பேர் இருந்தார்களா, எங்கே ஒளிந்திருந்தார்கள்? புகையிலைத் தூள் வாசனையோடு அவர்கள் மண்டபத்துக்குள் புகுந்தார்கள். ஒருத்தியும் அண்ணாந்து பார்க்கவில்லை. செங்கல் வளைவையோ தேக்கையோ கடுக்காய்ச் சுண்ணாம்பையோ ஒருத்தியும் மதிக்கவில்லை. அட, திறந்துட்டானுவளே என்றுகூட யாரும் சொல்லவில்லை, என்றைக்குமே மூடியிராத வாசல் மாதிரி நுழைந்து போய்க்கொண்டே இருந்தார்கள். அந்தக் கோடியில் பஸ்ஸை விட்டு இறங்கினவர்கள் இந்தக் கூட்டம் வெளியே வருவதைப் பார்த்துவிட்டு, வழி இருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்த்து, ஒருவர் பின் ஒருவராக இப்படி வர ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூவிக் கூவி எதிரொலி கேட்டார்கள், அமைதி காக்கவும் என்ற போர்டுக்கு நேர் அடியில். போகிறவர்களும் வருகிறவர்களும் நடுவில் கயிற்றில் மோதிக்கொண்டார்கள். ஒருத்தியின் கூடை சிவப்புக் கயிற்றில் சிக்கிப் பித்தளைக் கம்பம் சாய்ந்தது. பிரமு சேர்மனைப் பார்த்தாள். துரைப்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்து அந்தக் கம்பத்தைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார், அடுத்ததையும் தூக்கினார், அடுத்ததையும். கயிற்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பாத்துப் போங்க, பைய, பைய, கல்லு தேஞ்சு கிடக்கு, வழுக்கும்" என்று சொல்லிக்கொண்டே நின்றார். அவருடைய சட்டையில் யாருடைய கூடையோ உரசிக் கறை பட்டிருந்தது. ஜனம் அந்தப் பழைய பள்ளத்தில் நடந்தது.

பிரமுவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஜெயித்தேன், ஜெயித்தேன், இப்போதுதான் நிஜமாக ஜெயித்தேன். மெட்ராஸ் ஜன்னலும் எதிர் ஏசியும் எங்கோ போய்த் தொலைந்தன. எதிரே வந்த கூட்டத்தில் ஒருவன் கையில் டாக்டர் சீட்டை வைத்துக்கொண்டு இங்கன மெடிக்கல் எங்க இருக்கு என்று யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது, அந்தா, நேரா போயி எதுத்தாப்புல என்று யாரோ காட்டினார்கள். சங்கரலிங்கம் இந்நேரம் மாத்திரையை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருப்பார், தேடட்டும், நன்றாகத் தேடட்டும். மன்றத்தில் சொன்ன பதிலுக்கு இன்னும் ஒரு வரி சேர்க்கணும் என்று நினைத்தாள், யோசித்துப் பார்த்தால் வரி ஒன்றும் வரவில்லை, தேவையும் இல்லை என்று பட்டது. கதவின் இரண்டு பலகைக்கும் நடுவில், கையில் எண்ணெய்ச் சாவியோடு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டு நின்றாள். வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். இந்தக் கதவைத் திறந்தது யார் என்று இதில் ஒருத்தருக்காவது தெரியுமா, தெரிந்தால் ஒரு வார்த்தை சொல்வார்களா என்று ஓர் ஆசை, அதுவும் இருக்கத்தானே செய்யும். தலைச்சுமையோடு ஒரு பெண் விறுவிறுவென்று நேராக இவளை நோக்கி வந்தாள், இவளைப் பார்த்துத்தான் வந்தாள், வாயைத் திறந்தாள். பிரமு சிரிப்பைச் சரிபண்ணிக்கொண்டாள்.

"யக்கா, கொஞ்சம் ஒதுங்குங்க. வழியில நிக்கீயளே."

கடைவீதிக் கம்பங்களில் தெருவிளக்கு எரிந்தது. பிரமநாயகி ஒதுங்கி நின்றாள்.